யெருசலேமில் விளக்கு துலக்கிய காலை

திருநாட்டுக்குச் சென்று திரும்பியோர் எழுதும் கட்டுரைகளில் பெத்லகேம் குகையும், கல்வாரிக் குன்றும், கலிலேயாக் கடலும் தவறாது இடம்பெறும். அத்திருத்தலங்களை நாமும் கண்டு வணங்கினோம். ஆயினும், அவற்றைப் பற்றி முன்னரே பலர் நன்கு எழுதியுள்ளனர். நாம் இங்கே சொல்ல விழைவது எந்தப் பயண நூலிலும் இடம்பெறாத ஒரு சிறு காட்சியைப் பற்றி. யெருசலேமின் ஒடுங்கிய சந்து ஒன்றில், ஒரு யூத இல்லத்தின் முற்றத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடிக் கிண்ணங்களை ஒரு மூதாட்டியும் அவர் பேத்தியும் கழுவிக்கொண்டிருந்ததே அக்காட்சி. கிண்ணம் கழுவுவதில் எழுதுவதற்கு என்ன உண்டு என வாசகர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுத்து உடன் வருமாறு வேண்டுகிறோம்.

2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் பெத்லகேமில் இருந்தோம். யூதரின் ஹனுக்கா விழா நிலவை ஒட்டிய அவர்தம் நாட்காட்டியின்படி கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்குவது. ஆகவே நம் நாட்காட்டியில் அது ஆண்டுதோறும் இடம் மாறி வரும். அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் மாலையில் முதல் விளக்கு ஏற்றப்பெற்றது. எட்டாவதும் இறுதியுமான விளக்கு ஏற்றும் மாலை, டிசம்பர் 25 ஆக அமைந்தது. காலையில் பாலன் பிறந்த ஊரில் திருப்பலி கண்ட நாம், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யெருசலேமுக்குப் பிற்பகலில் வந்து சேர்ந்தோம். "இன்றிரவு நகலவோத் பகுதிக்குச் சென்றால், உங்கள் விழாவன்று எங்கள் விழாவின் நிறைவையும் காணலாம்" என்றார் நம் வழிகாட்டியான யூத இளைஞர்.

நகலவோத் என்பது பழைய நகரின் மதிலுக்கு வெளியே, மஹனே யெஹூதா சந்தைக்கு அருகில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுந்த குடியிருப்புகளின் தொகுதி. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். வெண்மஞ்சள் கல்லால் ஆன தாழ்ந்த வீடுகள். பல குடும்பங்களுக்குப் பொதுவான முற்றங்கள். ஏமன், அலெப்போ, குர்திஸ்தான் எனப் பல நாடுகளிலிருந்தும் வந்த யூதர்கள் இங்கே குடியேறினர். யெருசலேம் மலைமேல் அமைந்த நகரம் ஆதலால் டிசம்பர் மாலைகளில் காற்று எலும்பைத் தொடும்.

அக்காற்றில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாசற்படியின் பக்கத்தில், சுவரில் வெட்டிய மாடத்திலோ மதிற்சுவரின் மேலோ, கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதனுள் சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் எட்டு வரிசையாய் நிற்க, ஒன்று மட்டும் தனித்து உயர்ந்து நின்றது. ஒவ்வொன்றிலும் ஒலிவ எண்ணெயும் பஞ்சுத் திரியும். நிலைக்கதவின் வலப்புறத்தில் திருமொழி எழுதிய சுருள் பொதிந்த மெசூசா இருக்க, இடப்புறத்தில் விளக்கு இருக்க வேண்டும் என்பது அவர்தம் மரபு. வீட்டுக்குள் நுழைபவர் இவ்விரண்டுக்கும் நடுவே நுழைகிறார்.

தனித்து நிற்கும் ஒன்பதாம் விளக்குக்கு ஷம்மாஷ் என்று பெயர். 'பணியாளன்' என்பது பொருள். மற்ற எட்டின் ஒளியில் படித்தலோ, தைத்தலோ, காசு எண்ணுதலோ கூடாது. அவை பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. தவறி ஏதேனும் ஒளி பயன்பட்டுவிட்டால், அது பணியாளனின் ஒளியாக இருக்கட்டும் என்பதற்கே இந்த ஒன்பதாவது. விளக்குகள் விண்மீன்கள் தோன்றிய பின் அரை மணி நேரமேனும் எரிய வேண்டும். அந்நேரத்தில் பெண்கள் வீட்டு வேலை எதுவும் செய்யாது ஓய்ந்திருப்பது தொன்றுதொட்ட வழக்கம். நம் இல்லத்தரசியர் இவ்வழக்கத்தைக் கேட்டுப் பெருமூச்சு விடுவர் என்பதை நாம் அறிவோம்.

இவ்விழா எதைக் குறிப்பது? இதற்கு விடை நம் வேதாகமத்திலேயே உள்ளது. சிரியாவை ஆண்ட அந்தியோக்கு எப்பிபானு என்னும் அரசன் கி.மு. 167இல் யெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபேயும் அவர்தம் சகோதரரும் போரிட்டு, கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டனர். மக்கபேயர் முதல் நூலின் 4ஆம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். வெற்றி பெற்றவர்கள் முதலிற் கண்டது என்ன? வாயில்கள் தீக்கிரையாகியிருந்தன; முற்றங்களில் காட்டைப்போல் புதர் மண்டிக் கிடந்தது. அவர்கள் அழுதனர், பின்பு துப்புரவு செய்யத் தொடங்கினர். கோட்டையில் பகைவர் இன்னும் இருந்ததால், ஒரு பகுதியினர் அவர்களோடு போரிட்டுக்கொண்டிருக்க, குற்றமற்ற குருக்கள் உள்ளே தூய்மைப் பணி செய்தனர். தீட்டான கற்கள் அகற்றப்பெற்றன. அடுத்து எழுந்தது ஒரு கேள்வி: தகனப் பலி பீடத்தின் கற்களை என்ன செய்வது? பிற இனத்தார் தீட்டுப்படுத்திய பீடம் ஆதலால் அதை வைத்திருக்க இயலாது. இறைவனுக்கென நேர்ந்தளிக்கப்பெற்றது ஆதலால் குப்பையில் எறியவும் மனம் வரவில்லை. ஆகவே, பீடத்தை இடித்து, இறைவாக்கினர் ஒருவர் தோன்றி வழி சொல்லும் வரை அக்கற்களை ஆலய மலையில் தகுந்த ஓர் இடத்தில் பத்திரப்படுத்தினர். புதிய பீடமும் புதிய விளக்குத் தண்டும் அதன் பின்னரே வந்தன. கிஸ்லேவ் 25இல் தொடங்கி எட்டு நாள் விழா எடுத்தனர்.

ஆக, ஒளியின் விழா என நாம் அறியும் இவ்விழா, உண்மையில் துப்புரவுப் பணியில் பிறந்த விழாவாகும்.

இங்கே ஒரு வியப்பையும் குறிப்பிட வேண்டும். மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கரான நம் வேதாகமத்தில் உள்ளன. யூதரின் திருநூல் தொகுதியில் இல்லை. ஒரே ஒரு நாளைக்குப் போதுமான எண்ணெய், தலைமைக் குருவின் முத்திரையோடு ஒரு சாடியில் கிடைத்து, எட்டு நாள் எரிந்தது என்னும் வரலாறு அவர்களுடைய தல்மூதில் உள்ளது. மக்கபேயர் நூல்களில் இல்லை. நூலை நாம் காத்தோம். விளக்கை அவர்கள் காத்தனர். நம் ஆண்டவர் இயேசுவும் இவ்விழாக் காலத்தில் யெருசலேம் ஆலயத்தில் இருந்தார். குளிர்காலத்தில் சாலமோன் மண்டபத்தில் உலவினார். இதை நமக்குச் சொல்பவர் புனித அருளப்பர் (10: 22-23). நால்வருள் இவர் ஒருவரே இதைக் குறிப்பிடுகிறார்.

நிற்க. அன்றிரவு ஒரு வீட்டு வாசலில் எட்டு விளக்குகளும் முழுமையாய் எரிவதைப் பார்த்து நின்றோம். வீட்டுக்காரரான முதியவர் வெளியே வந்தார். வழிகாட்டி நம்மை எபிரேய மொழியில் அறிமுகம் செய்தார். இந்தியாவிலிருந்து பெத்லகேம் விழாவுக்கு வந்தவர்கள் என்றதும் முதியவர் முகம் மலர்ந்தது. "நாளையோடு விழா முடிந்தால், கிண்ணங்களில் மிஞ்சும் எண்ணெயை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். நம் ஊரில் அகலில் மிஞ்சிய எண்ணெயை மறுநாளும் ஏற்றுவோமே என்னும் நினைவில் எழுந்த கேள்வி அது. அவர் சிரித்தார். "அதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. நாளை மறுநாள் காலையில் வாருங்கள். என் மனைவிக்கு அன்று அதுதான் வேலை" என்றார்.

டிசம்பர் 27 காலை சென்றோம். நம் திருச்சபை புனித அருளப்பரைக் கொண்டாடும் நாள் அது என்பது வழியில்தான் நினைவுக்கு வந்தது.

முற்றத்தில் ஒரு பழைய நீர்த்தொட்டியின் மூடிய வாய். அதன் மேல் ஒரு தட்டில் எட்டுக் கிண்ணங்கள். இரு நாள் முன்பு பொன்னென ஒளிர்ந்தவை இவையா என்னும்படி இருந்தன. விளிம்பில் புகைக்கரி, அடியில் கருகிய திரித் துண்டுகள், உட்புறம் முழுதும் மஞ்சள் பாய்ந்த பிசுக்கு. எழுபது வயதைக் கடந்த அம்மையார் மேலாடையின் கைகளை மடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பத்து வயதுப் பேத்தி பக்கத்தில் நின்றாள்.

முதலில், கிண்ணங்களில் மிஞ்சிய எண்ணெயைச் சொட்டு விடாமல் ஒரு தகரக் கிண்ணத்தில் வடித்தனர். எரிந்த திரிகளையும் அதிலேயே இட்டனர். முதியவர் அதை முற்றத்தின் கல்தரையில், சுற்றிலும் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். விளக்குக்கென ஊற்றிய எண்ணெய் அக்கட்டளைக்கென்றே ஒதுக்கப்பெற்றது. அதைச் சமையலுக்கோ வேறு விளக்குக்கோ எடுத்தல் கூடாது. எட்டாம் நாளுக்குப்பின் தனியே எரித்துவிட வேண்டும் என்பது விதி. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ என்னும் அறிஞர் தொகுத்து, 1565இல் வெனிஸ் நகரில் அச்சான 'ஷுல்கான் ஆருக்' என்னும் சட்ட நூலில் இது உள்ளது. அடுத்த ஆண்டுக்கென எடுத்து வைப்பதும் நன்றன்று. இடையில் யாரேனும் மறந்து வேறு வகையில் பயன்படுத்திவிடக்கூடும்.

"அப்படியானால் அடுக்களையில் இருக்கும் எண்ணெய்க் குப்பி?" என்று கேட்டோம். பேத்தி முந்திக்கொண்டாள். "குப்பியில் இருப்பது எங்களுக்கு. கிண்ணத்தில் ஊற்றியதுதான் விளக்குக்கு" என்றாள். ஒரே செக்கில் ஆடிய எண்ணெய். ஊற்றிய கைதான் அதைப் பிரித்தது. எண்ணெயின் இயல்பில் புனிதம் எதுவும் ஏறிவிடவில்லை என்றும், ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து என்றும் முதியவர் விளக்கினார். தகரக் கிண்ணத்தின் சுடர் சிறிது நேரம் உயர்ந்து எரிந்து, தானே அடங்கிற்று.

பின்பு கழுவும் பணி. ஒலிவ எண்ணெய் பல இரவுகள் சூடேறிக் காற்றும் பட்டால் கெட்டிப்பட்டு, வார்னிஷ் பூசினாற்போல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வெறுந்தண்ணீருக்கு அது அசையாது. அம்மையார் முதலில் பழைய துணியால் ஒவ்வொரு கிண்ணத்தையும் துடைத்தெடுத்தார். எண்ணெயை அப்படியே நீர்த்தாரையில் விட்டால் குளிரில் உறைந்து குழாயை அடைக்கும் என்றார். வெந்நீரை நேரே ஊற்றவில்லை. குளிர்ந்த கண்ணாடி திடீரெனச் சூடு பட்டால் விரிசல் விடும் ஆதலால், முதலில் வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்துக் கிண்ணங்களை ஊறவைத்து, பின்பு சிறிது சிறிதாகச் சூட்டை ஏற்றினார். விளிம்புக் கரிக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தார். கம்பிநாரைத் தொடவே இல்லை. கீறல் விழுந்த கண்ணாடியில் அடுத்த ஆண்டுப் பிசுக்கு இன்னும் ஆழமாய்ப் பிடிக்குமாம்.

கை நுழையாத அடிப்பகுதிக்கு ஒரு தந்திரம் இருந்தது. ஒரு பிடி அரிசியும் சோப்பு நீரும் இட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் குலுக்கினாள் பேத்தி. அரிசி உள்ளே சுழன்று கசடைக் கரண்டி எடுத்தது. இது நம் வீடுகளில் குறுகிய வாய்ப் புட்டிகளைக் கழுவும் அதே முறையன்றோ! நாம் அதைச் சொன்னதும் அம்மையார் மகிழ்ந்து, பேத்தியிடம் ஏதோ கூறினார். "இந்தியாவிலும் பாட்டிமார் இருக்கிறார்கள் பார்" என்றாராம். இறுதியில், சிறிது காடி கலந்த நீரில் அலசி, கண்ணாடியின் மங்கலைப் போக்கி, துணிமேல் கவிழ்த்தனர். ஷம்மாஷ் கிண்ணம் கடைசியில் தனியே கழுவப்பெற்றது. விளக்குப் பெட்டியின் கண்ணாடிப் பலகைகளைச் செய்தித்தாளால் துடைத்தது முதியவரின் பங்கு.

இப்பணி வெறும் வீட்டு வேலையா, வழிபாட்டில் சேர்ந்ததா என்று வினவினோம். முதியவர் அதே சட்ட நூலிலிருந்து மற்றொரு விதியை எடுத்துச் சொன்னார். மண் அகல் ஓர் இரவு எரிந்தால் பழையதாகிவிடும். எண்ணெய் ஊறிக் கறுத்த அதை மறு இரவுக்கு ஏற்றுதல் தகாது. புதிய அகல் வேண்டும். இல்லையெனில் பழையதைச் சூளையிலிட்டுச் சுட்டெடுக்க வேண்டும். உலோகமும் கண்ணாடியும் அப்படியல்ல. அவற்றைத் துலக்கித் தூய்மையாக்க முடியும் ஆதலால், புதிது வாங்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கிண்ணம் ஆண்டுதோறும் மீண்டும் ஏற்கப்படுவது, அது கழுவப்படக் கூடியது என்பதனாலேயே.

பண்டை ஆலயத்தின் நடைமுறையும் இதுவே. ஏழு கிளைப் பொன் விளக்குத் தண்டின் அகல்களை ஆரோன் காலைதோறும் செப்பனிட வேண்டும் என்பதை யாத்திராகமத்தில் (30: 7) காண்கிறோம். ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூல் அப்பணியை விவரிக்கிறது. விளக்குத் தண்டின் முன் மூன்று படிகள் கொண்ட ஒரு கல் இருந்தது. அதன்மேல் நின்று குரு ஒருவர் கரித்திரிகளையும் சாம்பலையும் ஒரு கலத்தில் வாரிக்கொள்வார். இப்பணிக்கு யார் என்பது எப்படி முடிவாயிற்று? சீட்டுப் போட்டு! காலைப் பலியின் பணிகளைப் பதின்மூன்று குருக்களுக்குப் பகிர்ந்தளித்த சீட்டில், விளக்கின் சாம்பல் வாருவதும் ஒன்று. தூபம் இடுவதற்குத் தனிச் சீட்டு உண்டு. அச்சீட்டு விழுந்தே திருமுழுக்கு அருளப்பரின் தந்தை சக்கரியாஸ் ஆலயத்துள் நுழைந்தார் என்பதை லூக்காஸ் நற்செய்தியில் படித்திருக்கிறோம். கரி வாருவதற்கும் அதே போன்றதொரு சீட்டு என்பதை அன்றுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. போட்டியிட்டுப் பெறும் பேறாக அது இருந்திருக்கிறது.

இன்று நிலைமை மாறி வருகிறது. மஹனே யெஹூதா சந்தையில், எண்ணெயும் திரியும் சேர்த்து அடைத்த சிறு கிண்ணங்கள் அட்டைப்பெட்டியில் விற்பனைக்கு இருந்தன. ஒரு பெட்டியில் 44. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என எட்டு நாளுக்கு 36, நாள்தோறும் ஒரு ஷம்மாஷ் என 8, ஆக 44. மூடியைத் திறந்து ஏற்றலாம். எரிந்தபின் கிண்ணத்தையே எறிந்துவிடலாம். சட்டப்படி இதில் குறையொன்றும் இல்லை. அம்மையாரின் மருமகள் மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவர். அவர் வீட்டில் இவையே எரிகின்றன. "அவளைக் குறை சொல்லமாட்டேன். இரவெல்லாம் நோயாளிகளைக் கழுவித் துடைக்கிறாள். வீட்டுக்கு வந்து கிண்ணத்தையும் கழுவு என்று எப்படிச் சொல்வேன்?" என்றார் மாமியார்.

ஆயினும் அவர் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததை நாம் கவனித்தோம். வெந்நீரில் கை வைக்கும்போது மட்டும் வலி சற்றுத் தணிகிறதாம். அடுத்த ஆண்டு தம்மால் இயலுமோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. பேத்தியை அழைத்துப் பக்கத்தில் நிறுத்தியதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. உலர்ந்த கிண்ணங்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவள் அச்சிறுமியே. எட்டையும் எண்ணி வைத்தாள். ஒன்பதாவதைத் தனித் தாளில் சுற்றினாள். பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டாள். பாட்டி உடனே விடை சொல்லவில்லை. "அடுத்த கிஸ்லேவில் நீயே வந்து எடு" என்றார். நாம் விடைபெற்றோம்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் யூத மக்களோடு நமக்குள்ள ஆன்மிக உறவை நினைவூட்டி, இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்க வேண்டுமென விழைந்தது. அறிந்து மதித்தல் என்பது அறிஞர் அவைகளில் மட்டும் நிகழ்வதன்று. ஒருவர் முற்றத்தில் மற்றொருவர் அரை மணி நேரம் நிற்பதாலும் நிகழும்.

நமக்கும் இவ்வழி புதிதன்று. மந்திரித்த குருத்தோலையை நாம் குப்பையில் எறிவதில்லை. ஆண்டு முழுதும் வீட்டில் வைத்திருந்து, கோயிலில் ஒப்படைக்கிறோம். அது எரிந்து விபூதிப் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. இறைவனுக்கெனக் கொடுத்ததன் மிச்சமும் இறைவனுக்கே என்னும் உணர்வு நம் மூதாதையரிடமும் இருந்தது. நற்கருணைப் பேழை முன் எரியும் அணையா விளக்கைத் துடைத்து வைக்கும் கோயில்பிள்ளையை நாம் எத்தனை முறை ஏறிட்டுப் பார்த்திருக்கிறோம்? பாடகர் குழுவுக்கு நன்றி சொல்லும் விழாக்களில் அவர் பெயர் வருவதுண்டா?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குடும்ப செபத்திற்கு விளக்கு ஏற்றும் பேறு பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அதைத் துலக்கும் பணி தாயின் தலையில் விழுகிறது. வரும் சனிக்கிழமை அவ்விளக்கைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள். பிசுக்குப் போகத் தேய்த்த கைக்கு, அன்று மாலை ஏற்றும் திரியின் அருமை தெரியும். தாயும் அந்நேரம் சற்று அமர்ந்திருக்கலாம்.